ஒற்றனின் கடைசி வார்த்தை

கார் பாலத்தை விட்டுப் பாய்ந்து அந்தரத்தில் நின்றபோது தனேஸ்வரி கதையை நிறுத்தினாள். அண்ணனின் உதடு காய்ந்திருந்தது. ஈரத் துணியால் ஒற்றினாள்.

"கார் விழுந்துச்சா?" என்றார் நல்லசாமி.

"இல்லண்ணே. இன்னும் மேலதான் இருக்கு."

"அப்ப சரி. மெதுவா வா."

அவருக்குக் கண் போய் இரண்டு வருடமாகிறது. சர்க்கரை முதலில் கால்விரலை எடுத்தது, பிறகு கண்ணை, பிறகு சிறுநீரகத்தை. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் இனி படுக்க மாட்டேன் என்று போன வாரம் சொல்லிவிட்டார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு தனேஸ்வரி புக்கிட் பெலிம்பிங்குக்கு வந்தாள். வந்ததும் அண்ணன் கேட்டது ஒன்றுதான். புதுப்படம் வந்துவிட்டதாமே, பார்த்தாயா?

அந்த ஒற்றன் படங்கள் அவர்கள் பிறந்த காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. ஒற்றனின் பெயர் மாறாது, நடிகன் மாறுவான். ஆள் மாறினால் படத்தின் குணமும் மாறும். ஒருவன் வந்தால் சிரிப்பு. மலையிலிருந்து விழுந்துகொண்டே தலை சீவுவான். எதிரியை முதலைக்குத் தள்ளிவிட்டு, முதலையின் வயிற்றுக்காகக் கவலைப்படுவான். அடுத்தவன் வந்தால் இரத்தம். குளியலறையில் தனியாக நின்று தன் காயத்தைத் தானே தைப்பான். அண்ணன் சிரிப்புக் கட்சி, தங்கை இரத்தக் கட்சி. கோலசிலாங்கூர் தியேட்டர் வாசலில் தொடங்கிய சண்டை வீடியோ கேசட்டில் வளர்ந்து, அவள் கல்யாணமாகிப் போனபின் டெலிபோனில் நடந்தது.

அடிபட்டால் வலிக்க வேண்டும் என்பாள் அவள். வலிப்பதைப் பார்க்கவா டிக்கெட் எடுத்தோம் என்பார் அவர். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். வலி நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறது, காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா என்று கேட்பார்.

புதுப்படத்தைத் தனேஸ்வரி பார்த்துவிட்டாள். அதில் ஒற்றன் செத்துப்போகிறான். இத்தனை வருடத்தில் முதல் முறை. படத்தில் ஒரு சிரிப்பு கிடையாது. விளக்கு போட்ட பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இதுல சிரிப்பு இருக்கா பாப்பா?" என்று அண்ணன் கேட்டபோது, நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து படத்தைத் தினம் கொஞ்சமாகச் சொல்லிவருகிறாள். வெளிநாட்டுப் பெயர்களைச் சொன்னால் அவருக்குக் கண்ணில் வரவில்லை. எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்தாள். வில்லனின் மாளிகையைப் புக்கிட் மெலாவத்திக் குன்றின் மேல் வைத்து, குரங்குகளைக் காவலுக்கு நிறுத்தினாள். துரத்தல் சுங்கை புரோங் நெல்வயல் நடுவே நடந்தது. வெள்ளைக் கொக்குகள் காருக்கு வழி விட்டன. சிரிப்புதான் அவளுக்கு வரவில்லை. பழைய படங்களிலிருந்து எடுத்துப் போட்டாள். அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சிரித்தார். தூங்கி விழித்ததும், குரங்குக்குச் சாப்பாடு வைத்தார்களா என்று கேட்டார். அவர் இப்போது எங்கே படுத்திருக்கிறார் என்று அவளுக்கே சில சமயம் சந்தேகம் வந்தது. வெளியே மழை விடாமல் பெய்தது. சமையலறையில் அண்ணி மோகனா எதையாவது அரிந்துகொண்டிருந்தாள். வாழ்நாளில் ஒரு படத்துக்கும் உட்கார்ந்தவள் இல்லை.

கடைசிக் காட்சி மட்டும் மிச்சமிருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தனேஸ்வரி இன்னும் முடிவு செய்யவில்லை.

காரை மெல்லக் கரையில் இறக்கினாள். எதிரில் உறைந்துபோன ஆறு. அவர் பனியைப் பார்த்ததில்லை.

"பாசிர் பெனம்பாங்ல மீனுக்குக் கொட்டுற ஐஸ் இருக்குல்ல. ஆத்து மேல இந்தக் கரையிலருந்து அந்தக் கரை வரைக்கும் அதையே கொட்டுன மாதிரி. போட்டெல்லாம் அப்படியே நிக்குது. சத்தமே இல்ல."

"மீன் நாத்தம் அடிக்குமே."

"அடிக்குது. அவன் கைக்குட்டைய மூக்குல வச்சிக்கிட்டான்."

நல்லசாமி சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் முதுகைத் தடவினாள். அவர் அடங்கியதும் தொடர்ந்தாள். வில்லன் ஆற்றுக்கு அடியில் குண்டு வைத்திருக்கிறான். ஒற்றன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தன் கிழட்டு டிரைவரிடம் கார்ச் சாவியைக் கொடுக்கிறான்.

"பாத்துப் போன்னு சொல்றான்," என்றாள்.

அண்ணனின் முகம் திரும்பியது. திறந்த கண்கள் அவள் காதுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றன.

"அப்படியா சொன்னான்?"

"ஆமாண்ணே."

"சிரிப்புக்காரன் எவனும் யாரையும் பாத்துப் போன்னு சொல்ல மாட்டான் லா. செத்துருவானா?"

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது.

தனேஸ்வரி துணியைப் பிழிந்தாள். மறுபடி நனைத்தாள். மறுபடி பிழிந்தாள்.

"ம்," என்றாள்.

"எப்படி?"

"ஐஸுக்குக் கீழ போறான். குண்ட நிறுத்திடுறான். மேல வரல."

"பாட்டு போடுறானா?"

"இல்ல. ஒண்ணுமே இல்ல. வெறும் ஐஸத்தான் காட்டுறான், ரொம்ப நேரம்."

"அழுதியா?"

"அழுதேன்."

"உன் கட்சி ஜெயிச்சிருச்சு." கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். "சரி, சாவட்டும். ஆனா சும்மா போவக்கூடாது பாப்பா. எறங்குறதுக்கு முன்னால ஒரு வார்த்த. சிரிப்பா ஒண்ணு. நீ வச்சுச் சொல்லு."

"எனக்கு அதெல்லாம் வராதுண்ணே."

"யோசி. நான் எங்க போயிடப் போறேன்?"

கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் யோசித்தாள். மழை கூரையில் ஒரே சீராக இறங்கியது. ஒற்றன் கரையில் நின்றான். டிரைவர் சாவியோடு நின்றார். ஆறு வெள்ளையாகக் கிடந்தது. பழைய படங்களின் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. எதுவும் இந்த ஆளின் வாயில் பொருந்தவில்லை. சிரிப்பை எங்கே வைப்பார்கள்? வார்த்தையிலா, அதற்கு முந்தைய மௌனத்திலா? அண்ணன் சொல்லும்போது எதுவும் கஷ்டமாக இருந்ததில்லை. விரலை எடுத்த அன்றுகூட, இனி நகம் வெட்டுகிற வேலை ஒன்று குறைந்தது என்றார். நர்ஸ் சிரித்தாள். தனேஸ்வரி வராந்தாவுக்குப் போய் நின்றாள்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. நன்றாக இல்லை. ஆனாலும் சொன்னாள்.

"'ஐஸ் தண்ணி ஒரு கிளாஸ்தான கேட்டேன், இவ்வளவு குடுத்துட்டாங்களே'ன்னு சொல்றான்."

அண்ணன் சிரிக்கவில்லை.

"நல்லால்ல, தெரியும். இருங்க, வேற யோசிக்கிறேன்," என்றாள். யோசித்தாள். பிறகுதான் அவர் நெஞ்சைப் பார்த்தாள்.

மோகனா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள். கணவனின் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, மகனுக்கு போன் போடச் சொன்னாள்.

மறுநாள் காலை வீடு நிறைந்திருந்தது. தாமான் குடியிருப்பின் சாலையில் கூடாரம் போட்டு, நாற்காலிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மோகனா அழவில்லை. யாருக்கு கோப்பி, யாருக்கு மைலோ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொந்தக்காரப் பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவள் மறுபடி எழுந்தாள். இப்படியே இருந்தால் நெஞ்சை அடைத்துவிடும், அழ வைத்துவிட வேண்டும் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது தனேஸ்வரியின் காதில் விழுந்தது. அவளும் அழவில்லை. அண்ணன் எதுவரை கேட்டார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மட்டமான சிரிப்பைக் கேட்டாரா, இல்லை சும்மா கரையில் நின்றபடியே போய்விட்டாரா?

சவப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் அவரைக் குளிப்பாட்டி உடுத்திக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். தனேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

நல்லசாமி கருப்புக் கோட்டில் இருந்தார். வெள்ளைச் சட்டை. கழுத்தில் பட்டாம்பூச்சி போல ஒரு கருப்பு டை. மார்புப் பையில் மடித்த கைக்குட்டை. இடுப்புக்குக் கீழே வேட்டி.

அவள் அண்ணன் மகன் பவனேஷைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"பேக்கேஜ்ல கோட்டு சூட்டுதான் அத்த. நான் வேட்டி சட்டன்னு சொல்ல மறந்துட்டேன். கால் வீங்கியிருந்துச்சா, பேண்ட் ஏறல. அம்மா வேட்டிய எடுத்துக் குடுத்தாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கோட்டுக்கு முதுகு இல்ல அத்த. முன்பக்கம் மட்டுந்தான். பின்னால கயிறு கட்டியிருக்காங்க. வெளியில சொல்லாதீங்க."

தனேஸ்வரி தலையாட்டினாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

தேவாரம் முடிந்தது. நெய்ப்பந்தம் பிடித்தார்கள். வாய்க்கரிசிக்குப் பெண்களை அழைத்தார்கள். மோகனா போட்டுவிட்டுத் தலைமாட்டில் நின்றாள். அடுத்து தங்கை. தனேஸ்வரி அரிசியை அள்ளிக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தாள். தங்கை ஏதாவது சொல்லி அழுவாள் என்று கூட்டம் அமைதியானது. உறுமிக்காரர்கூட வாசலில் கையை நிறுத்தினார்.

அவள் அரிசியைப் போட்டாள். காதருகே குனிந்தாள்.

"டிரைவர் கேக்குறாரு, ஐயா கோட்டாவது கழட்டிட்டு எறங்குங்கன்னு," என்றாள் மெல்ல. "அவன் சொல்றான், 'கழட்ட முடியாது லா. இதுக்கு முதுகு இல்ல. இவ்வளவு நேரம் நான் ஏன் எதிரிக்கு முதுகு காட்டலன்னு நெனச்ச?'"

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள்.

தலைமாட்டில் ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். மோகனா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. தோள்கள் குலுங்கின. தனேஸ்வரியைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகக் குலுங்கின. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவட்டும், அழுவட்டும்," என்று பெண்கள் ஓடிவந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். யாரோ முதுகைத் தடவினார்கள். உறுமி மறுபடி தொடங்கியது.

வாசலில் கருப்பு வேன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். மழை விட்டிருந்தது. சாலையில் தேங்கிய தண்ணீர் அசையாமல் வெள்ளையாகக் கிடந்தது.