வா வா என்று கூப்பிட்டவர்

கண்ணாடிக் கடைக்காரருக்கு மழைப் பைத்தியம் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். கண் பரிசோதிக்க வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை சன்னல் பக்கம் நழுவிவிடும். "எது தெளிவா இருக்கு, முன்னாடி போட்டதா, இப்ப போட்டதா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "எனக்குத் தெரியிறது இருக்கட்டும் சார், உங்களுக்கு அங்க என்ன தெரியுது?" என்று ஒரு வக்கீல் கேட்டதை அவர் மனைவி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

அவரும், பூகோளம் நடத்தும் டீச்சர் ஒருவரும், வங்கிக் கேஷியர் ஒருவரும் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு ஆரம்பித்திருந்தார்கள். இடிமழையை எதிர்பார்ப்பதுதான் குழுவின் ஒரே வேலை. நாளாக ஆக ஊரில் பாதிப் பேர் அதில் சேர்ந்துவிட்டார்கள். அங்கே அவருக்குப் பெயர் ரேடார். கோடை பிறந்தால் மற்றவர்கள் வெயிலைத் திட்டுவார்கள். இவர்கள் மூவரும் உள்ளுக்குள் குதூகலிப்பார்கள். தரை சூடானால்தானே மேகம் மேலே எழும்பும். "இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்பார் கேஷியர், அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டுக் காத்திருப்பவர் மாதிரி.

அந்த வருடக் கோடை அவர்களை நன்றாக ஏமாற்றியது. மத்தியானம் காலிஃபிளவர் மாதிரி மேகம் திரளும். சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் கலைந்துபோகும். ரேடார் வரும் என்று சொன்ன மழை வரவேயில்லை. மறுபடியும் சொன்னார், அதுவும் வரவில்லை. கேஷியர் மடித்து வைத்த குடையைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவைத்தார். ஆனால் அன்று சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். "மழை வராததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி. அவருக்கு அது ஆறுதலாக இல்லை.

அப்புறம் அந்த நாள் வந்தது. காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே காற்றில் கனம் தெரிந்தது. இன்றைக்கு ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து மைத்துனன் கூப்பிட்டான். மனைவியின் ஒரே தம்பி. ஊருக்கு வெளியே செடிப்பண்ணை வைத்திருந்தான். நட்டு வைத்த இரும்புக் குழாய்களின் மேல் பச்சை நிழல்வலை கட்டி, அதன் கீழே ரோஜாவும் ஒட்டு மாங்கன்றுமாக வளர்த்தான். வலை வெயிலைத் தடுக்கும். பெருங்காற்று அடித்தால் அதுவே பாய் மாதிரி உப்பிக் குழாய்களைப் பிடுங்கிவிடும். அதனால் காற்றுக்கு முன்பே வலையைக் கழற்றிவிட வேண்டும்.

"மாமா, இன்னிக்கு எப்படி? வலையைக் கழட்டிடட்டுமா?"

"இப்ப கழட்டாதே. வெயில் கொளுத்துது, கன்னெல்லாம் கருகிடும். மத்தியானத்துக்கு மேல மேகம் கட்டும். ஆனா அது மலைப்பக்கமா போயிடும்னு தோணுது. திசை மாறிச்சுன்னா நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரி மாமா. நான் வேற வேலையைப் பாக்கறேன்."

மத்தியானம் வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் அனுப்பியிருப்பார். கடையைச் சாத்திவிட்டு மேலே இருந்த வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மலைப்பக்கம் மேகம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, உச்சியில் தட்டையாகப் பரந்து நின்றது. கைப்பேசியில் ரேடார் படத்தைப் பார்த்தபடி இருந்தார். சிவப்பாக நகர்ந்துகொண்டிருந்த திட்டு திடீரென்று இரண்டாகப் பிரிந்தது. ஒரு துண்டு மலையோடு போயிற்று. இன்னொன்று ஊரைப் பார்த்துத் திரும்பியது.

மைத்துனனுக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது. அவன் பெயரைத் தேட விரலும் போயிற்று. அதற்குள் திரையின் மேலே கேஷியரின் செய்தி வந்து விழுந்தது: ரேடார் சார், இன்னிக்கும் குடையை மடிச்சு வெச்சிடலாமா?

அவர் குழுவைத் திறந்து, பேசிப் பதிவு செய்தார். "குடையை எடுத்துக் கையில வெச்சுக்குங்க கேஷியர் சார். திரும்பிடுச்சு. நேரா நம்ம ஊருக்குத்தான் வருது."

குழு பற்றிக்கொண்டது. எங்கள் தெருவுக்கு வருமா, ஆலங்கட்டி விழுமா, வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேள்விமேல் கேள்வி. ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். நிறுத்தவே மனம் வரவில்லை. முகம் தெரியாத ஒருவருடைய காருக்குக்கூட இடம் சொன்னார். கிழக்கே வெளிச்சம் மங்கியது. பறவைகள் தாழப் பறந்தன. பிறகு ஈர மண் வாசனையோடு முதல் குளிர்காற்று வந்து முகத்தில் அறைந்தது. "துணியையெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்று கீழேயிருந்து மனைவி கத்தினாள். கொடியிலிருந்த புடவை ஒன்று பக்கத்து மாடிக்குப் பறந்தது. அவர் அதைப் பார்த்தார், ஆனால் பிடிக்கப் போகவில்லை. கைப்பேசியை வானத்துக்கு நீட்டி, குழுவுக்கு அனுப்பக் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தார். "வா... வா... அப்படித்தான்... அடி, நல்லா அடி, விடாதே..." தண்ணீர்த் தொட்டியின் மேல் ஆலங்கட்டிகள் படபடவென்று விழும் சத்தம் அவர் குரலுக்குத் தாளம் போட்டது.

மழை ஓய்ந்ததும் சொட்டச் சொட்டக் கீழே வந்தார். மனைவி துண்டைக் கொடுத்து, "புடவையைக் காத்துக்குத் தானம் பண்ணிட்டு வந்து நிக்கிறதைப் பாரு" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது மனைவியின் கைப்பேசி ஒலித்தது. தம்பி மனைவி. மனைவியின் சிரிப்பு அப்படியே நின்றது. "எங்க அடிபட்டிருக்கு? தலையிலயா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கையிலிருந்த துண்டு முகத்தை மூடியிருந்தது. கொஞ்ச நேரம் அதை அவர் எடுக்கவேயில்லை.

மருத்துவமனையில் மைத்துனன் கட்டிலில் சாய்ந்திருந்தான். வலையைக் கழற்றக் கடைசி நேரத்தில் ஏணியில் ஏறியிருக்கிறான். குழாய் பிடுங்கிக்கொண்டு தோளில் விழுந்து காறையெலும்பு முறிந்துவிட்டது. தலைக்குத் தப்பியது பெரிய விஷயம் என்றார்கள். அவன் மனைவியும் அக்காவும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் கட்டில் ஓரமாக நின்றார்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்தவர் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அதிலிருந்து, "வா... வா... அடி, நல்லா அடி..." என்று குரல் கிளம்பியது. பின்னாலேயே ஆலங்கட்டிச் சத்தம். அந்த ஆள் சிரித்துக்கொண்டே இவர்களைப் பார்த்தார். "யாரோ ரேடாராம். அச்சுப் பிசகாம சொல்லியிருக்கார். அரை மணி நேரம் முன்னாடியே சொல்லிட்டாராமே, கேட்டீங்களா?"

மைத்துனன் கேட்டான். குரல் அவனுக்குத் தெரியாததா? பதிவு முடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "சத்தம் நல்லா விழுந்திருக்கு மாமா" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

மனைவி மருந்துப் பையோடு வந்தாள், பின்னாலேயே தம்பி மனைவியும். தம்பியின் நெற்றியைத் தடவிவிட்டு, கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, இவனுக்குச் சொல்லலையா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான். "காலையிலயே சொன்னார்க்கா. நான்தான் அசால்ட்டா விட்டுட்டேன்."

அவ்வளவுதான், அக்கா பிடித்துக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பழக்கம் சின்ன வயசிலேயே கிடையாது என்றாள். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் இவள் கதி என்ன என்று தம்பி மனைவியைக் காட்டினாள். நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இல்லை, நான்தான் என்று சொல்ல ஒரே ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு வரவில்லை. சொல்வதற்கு இடம் இருந்தது. பிறகு அந்த இடமும் போய்விட்டது. நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து கடையில் கூட்டம். கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கள்கூட வந்தார்கள். "நீங்கதானே அந்த வா வா?" என்று கேட்டு அவரோடு நின்று படமெடுத்துக்கொண்டார்கள். வானொலிக்காரர்கள் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். காலையில் கடை திறப்பதற்கு முன்பு செடிப்பண்ணைக்குப் போய், வளைந்த குழாய்களை ஓரம் சேர்த்தார். தண்டு முறிந்த கன்றுகளைப் பையிலிருந்து உருவிப்போட்டார். பண்ணையாட்கள், "ஐயா, நீங்க எதுக்கு" என்று மண்வெட்டியைப் பிடுங்க வந்தார்கள். அந்த மரியாதையும் அவரைச் சுட்டது.

வீட்டில் மனைவி அக்கம்பக்கத்தாரிடம் பெருமையாகப் பேசுவது காதில் விழுந்தது. "இவர் சொன்னாச் சொன்னதுதான். என் தம்பி கேக்கலை, பட்டான்." அன்றைக்கு அவரால் தாங்க முடியவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் போனதும் சமையலறை வாசலில் வந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னார். திசை மாறியதை முதலில் பார்த்தது தான் என்று, கூப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தது தான் என்று, கேஷியருக்குப் பதில் சொல்லப் போய் மறந்துவிட்டது தான் என்று.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். மறந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரியில அத்தனை பேர் முன்னாடி அவனைத் திட்டினேனே. பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"மறக்கறது எல்லாருக்கும் வரும். இது எனக்குப் புரியலை" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கே என்ன பேசினார்கள் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. திரும்பி வந்து இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டாள். ஆனால் வெகுநாள் வரை வானம் இருட்டும்போது, "இன்னிக்கு வருமா?" என்று அவரிடம் கேட்கவில்லை.

குழுவிலும் எழுதினார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த என் மச்சானுக்குச் சொல்லாமல், உங்கள் எல்லோரிடமும் பேர் வாங்கிக்கொண்டிருந்தேன், அதனால் அவன் அடிபட்டுக் கிடக்கிறான் என்று. இதயப் பொம்மைகளாக வந்து குவிந்தன. இயற்கையை யார் தடுக்க முடியும், மனசைத் தளர விடாதீங்க ரேடார் என்று கேஷியர் எழுதினார். யாராவது காறித் துப்பமாட்டார்களா என்று கடைசிவரை படித்துப் பார்த்தார். ஒருவரும் துப்பவில்லை. டீச்சர் மட்டும் எதுவும் எழுதாமல் நேராகக் கூப்பிட்டார்.

"உங்க மச்சான் நம்பர் குடுங்க சார்."

"எதுக்குங்க டீச்சர்?"

"குடுங்களேன்."

கொடுத்தார்.

கோடை முடிவதற்குள் இன்னொரு முறை மேகம் திரண்டது. இந்த முறை அவர் குழுவைத் திறக்கவில்லை. வில்லை தேய்க்கும் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மைத்துனனைக் கூப்பிட்டார். "தென்பக்கமா வருது. உடனே வலையைக் கழட்டச் சொல்லு."

"டீச்சர் அப்பவே கூப்பிட்டாங்க மாமா. கழட்டியாச்சு."

"ஓ. சரி. நல்லதாப் போச்சு."

கைப்பேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடையில் உட்கார்ந்திருந்தார். அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னான். பிறகு எழுந்து ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பண்ணையில் மைத்துனன் ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில் போட்டுக்கொண்டு, மறு கையால் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தான். அவர் மறுமுனையைப் பிடித்தார். கன்றுகளை மூடி ஓரங்களில் கல் வைத்து முடிப்பதற்கும் முதல் துளி விழுவதற்கும் சரியாக இருந்தது. இருவரும் உரக் கொட்டகைக்குள் ஓடினார்கள். தகரத்தின் மேல் மழை இறங்கியது. மின்னல் ஒன்று அடிவானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிளை கிளையாக ஓடியது. அவர் உர மூட்டைகளைப் பார்த்தபடி வானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"என்ன மாமா, மூட்டையில மழை பெய்யுதா? இப்படித் திரும்பிப் பாருங்க."

"வேண்டாம்."

"நல்லாத்தான் இருக்கு. வந்து பாருங்க."

அவர் திரும்பினார். இடி உருண்டு நெஞ்சுக்குள் இறங்கியது. உடம்பெல்லாம் பழைய சந்தோஷம் கேட்காமலே கிளம்பியது. அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். மைத்துனன் அதைப் பார்த்தானோ என்னவோ. கட்டுப்போட்ட தோளை மெதுவாக நகர்த்தி, வாசலில் அவருக்கும் நிற்க இடம் விட்டான்.