மூன்றாம் சரணத்தில் நிறுத்தியவர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஒரு பலகையிலிருந்து திருடினேன்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது அத்தானுக்கு, பழைய தேவாலயங்களில் இருக்கிற குழல் ஆர்கன்களைப் பழுதுபார்க்கும் வேலை. ஆளுயரக் குழாயும் விரலளவுக் குழாயுமாக நூற்றுக்கணக்கில் நிற்கும். உள்ளே காற்று போனால் பாட்டு, போகாவிட்டால் வெறும் தகரம். போன மாதம் ஒரு காலையில், "சும்மாதானே உக்காந்திருக்கே, வந்து டார்ச் பிடி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். (எங்கள் வீட்டில் எழுதுவதற்குச் சும்மா உட்கார்ந்திருப்பது என்று பெயர். பழகிவிட்டது.)

ஆர்கனுக்குப் பின்புறம் ஒரு சின்னக் கதவு. உள்ளே அலமாரி அளவுக்கு ஓர் அறை. மோட்டார் வருவதற்கு முன்னால், அந்த அறையில் ஓர் ஆள் நின்று துருத்தியின் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் வாசிப்பவருக்குப் பேரும் புகழும், பின்னால் நிற்பவருக்குத் தோள்வலி. ஆனால் நின்றவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பலகையெல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள். 'இன்று பிரசங்கம் ஒன்றே முக்கால் மணி நேரம். கர்த்தரே, என் முழங்கால்.' 'இன்று எனக்கு விக்கல். அதனால் பாட்டுக்கும்.'

நான் சிரித்துக்கொண்டே படித்துவந்தேன். நூறு வருடத்துக்கும் பழைய ஒரு தேதிக்குக் கீழே இது இருந்தது: 'மூன்றாம் சரணத்தில் காற்றை நிறுத்தினேன். வேண்டுமென்றே. அவளுக்குத் தெரியாது.'

டார்ச் என் கையிலிருந்து நழுவி அத்தான் தலையில் விழுந்தது.

"அத்தான், கதை!" என்று கத்தினேன்.

"மண்டை!" என்று கத்தினார் அத்தான்.

2

தொடக்கம் ஒன்று: 'அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வானம்—'

வேண்டாம். வானத்தில் ஆரம்பித்தால் அக்கா நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவாள்.

தொடக்கம் இரண்டு: 'காற்றே காதலின்—' சீ, சீ.

தொடக்கம் மூன்று: 'தேவாலயத்துத் தச்சருக்கு, ஆர்கன் வாசிப்பவளின் முகத்தைவிட அவளுடைய செருப்புச் சத்தம்தான் நன்றாகத் தெரியும்.'

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன். ஆள் தச்சர் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த வரிக்குக் கீழே உளியால் ஒரு கோடு இழுத்திருந்தார், மயிரிழை பிசகாமல். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

3

அவளை ஊரில் ஆர்கன்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். வயது இருபத்து நான்கு. தையல் வேலை செய்யும் அம்மாவோடு ஒற்றை அறையில் இருந்தாள். தச்சர் வாரநாட்களில் தேவாலயத்து பெஞ்சுகளுக்கும் சன்னல்களுக்கும் வைத்தியம் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை துருத்தி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகை. அவள் பலகையை இரண்டு தட்டு தட்டினால் ஆரம்பம், ஒரு தட்டு தட்டினால் போதும் என்று அர்த்தம்.*

"தச்சரே, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"தூங்கலையே?"

"பிரசங்கத்துலதான் தூங்குவேன். பாட்டுல தூங்கமாட்டேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பலகையைத் தாண்டி வந்து தச்சருக்கு— (இங்கே ஓர் உவமை இருந்தது. படு மோசம். தூக்கிவிட்டேன். அவருக்கு அவளைப் பிடித்திருந்தது. ரொம்ப, ரொம்பப் பிடித்திருந்தது. உவமை எதற்கு?)

* துருத்தியில் எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்று காட்ட, உள்ளே ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்கும். பலகையில் போட்ட கோட்டை அது தாண்டிவிட்டால் ஆர்கன் அவ்வளவுதான். தச்சர் அதை ஒருநாளும் தாண்டவிட்டதில்லை. ஒரே ஒரு நாள் தவிர.

4

அந்த ஒரு நாள்.

பெரிய நகரத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். இவள் வாசிப்பதைக் கேட்க அங்கிருந்து மூன்று பேர் குதிரை வண்டியில் வருகிறார்கள். பிடித்துவிட்டால் ஒரே மாதத்தில் அவள் கிளம்பிவிடுவாள். முதல்நாள் மத்தியானம் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்:

"தச்சரே, நாளைக்கு எல்லாக் குமிழையும் இழுத்து வாசிக்கப் போறேன். காத்து பத்துமா?"

(குமிழ் என்பது வாசிப்பவர் பக்கத்தில் இருக்கும் மரப்பிடி. ஒன்றை இழுத்தால் ஒரு வரிசைக் குழாய் திறக்கும். இந்த ஆர்கனில் இருபது. அத்தனையையும் ஒன்றாக இழுத்தால் காற்று தண்ணீராய்ச் செலவாகும்.)

"நான் இருக்கேன்ல" என்றார் தச்சர்.

ஞாயிற்றுக்கிழமை முதல் சரணத்தில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. இரண்டாம் சரணத்தில் வந்திருந்த மூன்று பேரில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். மூன்றாம் சரணத்தில் தச்சன் கைப்பிடியை விட்டான்.

(ஆமாம், தச்சன். விட்டான். இனி இவனுக்கு மரியாதை கிடையாது. என் கோபம் ஆறினால் பார்க்கலாம்.)

ஆர்கன் ஒரு நீள முனகல் முனகி அடங்கியது. சபையார் தும்மல் வந்தவர்கள் போலப் பாதி வார்த்தையில் நின்றார்கள். நகரத்துக்காரர்கள் மரியாதையாக விடைபெற்று வண்டி ஏறினார்கள். எல்லாரும் போன பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் அவள் குரல்:

"தச்சரே, என் தப்புதான். பேராசைப்பட்டு எல்லாத்தையும் இழுத்துட்டேன். பாவம், உங்க தோள் வலிக்குதா?"

தோள் வலிக்குதா என்று கேட்டாள்! அவனிடம்!

"இல்லம்மா" என்றான்.

அடுத்த வருடம் அவளையே கல்யாணம் செய்துகொண்டான். திருமண அறிவிப்பைப் போதகர் மூன்று ஞாயிறு வாசித்தார். யாருக்காவது தடை தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்று மூன்று தடவையும் கேட்டார். தெரிந்த ஒரே ஆள் மாப்பிள்ளை.

5

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். காய் நறுக்கிக்கொண்டே படித்தாள். நறுக்கும் வேகம் கூடிக்கொண்டே போனது.

"இவன மட்டும் நீ மன்னிச்சே, இந்த வீட்டுப் படி ஏறாத."

"அவன் அவ மேல இருந்த ஆசையில..."

"ஆசையாவது கத்திரிக்காயாவது! அவ பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, அவ கையாலயே சோறு வாங்கித் தின்னிருக்கான்!"

நெற்றியில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்த அத்தான் மெதுவாகச் சொன்னார்: "விடு, பாவம். அவனும் மனுஷன்தானே."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன் இவ்வளவு பரிஞ்சு பேசறீங்க? நீங்க எதையாவது மறைச்சு வெச்சிருக்கீங்களா?"

"நானா? எனக்கு மறைக்க என்னடி இருக்கு? நான் வண்டியத் தொடச்சிட்டு வரேன்."

அன்று வண்டியை ஒரு மணி நேரம் துடைத்தார். (இது தனிக் கதை. எழுதினால் எனக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு கிடைக்காது.)

ஆனால் அக்கா சொன்னது உறைத்தது. நான் இந்தத் தச்சன் மேல் கொஞ்சம் மையல் கொண்டுவிட்டேனோ? பலகைக்குப் பின்னால் நின்று வேடிக்கையாகப் பேசுகிறவன் என்பதற்காக அவன் செய்ததைச் சின்னதாக்கிவிட்டேனோ? அவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் எழுதவே இல்லையே.

6

அவளுக்கு ஆனது இதுதான்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு பதினோரு வருடம் அவள் மூன்று குமிழுக்கு மேல் இழுக்கவில்லை. எந்த ஆராதனையானாலும் மூன்றே மூன்று. "எனக்கு அவ்வளவுதான் வரும்" என்பாள். போதகர் அதைப் பிரசங்கத்திலேயே புகழ்ந்தார்: "நம் சகோதரி வாசிப்பைக் கவனியுங்கள், என்ன ஒரு அடக்கம்!" சபையார் தலையாட்டினார்கள்.

அடக்கம் இல்லை ஐயா அது. பயம்.

பலகைக்குப் பின்னால் அவன் இருபது குமிழுக்கும் போதுமான காற்றை ஒவ்வொரு வாரமும் அடைத்துவைத்தான். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. மிஞ்சிய காற்று ஓட்டை வழியாக உஸ்ஸென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே பதினோரு வருடம் நின்றான். வீட்டில் அவளோடு சிரித்துப் பேசினான், விறகு வெட்டிக் கொடுத்தான், அவள் அம்மாவுக்கு நாற்காலி செய்து கொடுத்தான். நல்ல கணவன்தான். எனக்கு அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் எப்போதோ கதையை முடித்திருப்பேன்.

7

பன்னிரண்டாம் வருடம் ஒரு செய்தி வந்தது. திங்கட்கிழமை பழுதுபார்ப்பவர் வருகிறார், ஆர்கனைப் பிரித்துப் பலகைகளையெல்லாம் கழற்றப் போகிறார்.

சனிக்கிழமை காலை தச்சன் இழைப்புளியோடு உள்ளே போனான். இரண்டு இழுப்பு இழைத்தால் பென்சில் எழுத்து சுருள் சுருளாகத் தரையில் விழுந்துவிடும். ஒரு பயலுக்கும் தெரியாது. நான் அப்படித்தான் எழுதவும் ஆரம்பித்தேன்: 'முதல் சுருள் விழுந்த—'

எழுத முடியாது! நான்தான் அந்த எழுத்தைக் கண்ணால் பார்த்தேனே! இந்தக் கதையில் நான் மாற்ற முடியாத ஒரே விஷயம் அது. கையில் இழைப்புளி இருந்தும், தச்சனாக இருந்தும், அவர் அதை இழைக்கவில்லை.

(அவர். சரி, போகட்டும். கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது.)

நேரே போதகரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். பதினோரு வருடம் அடக்கத்தைப் புகழ்ந்த போதகர் கையிலிருந்த மறுநாள் பிரசங்கத் தாளை மடித்து வைத்தார். பிறகு, "கர்த்தர் மன்னிப்பாருப்பா" என்றார்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா" என்று தச்சர் எழுந்தார்.

"எங்க கிளம்பிட்ட? உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டியா?"

"அதான் கர்த்தர்கிட்டயே சொல்லியாச்சே ஐயா."

"அன்னிக்கு ஆர்கன் வாசிச்சது கர்த்தரா?"

தச்சர் திரும்பி நடந்தார். அவள் மறுநாள் பாட்டுகளைக் காற்றில்லாமல் வெறும் கட்டைகளை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகம் காட்டத் தைரியமில்லாமல் பின்கதவு வழியாகப் போய், பலகைக்குப் பின்னாலிருந்தே சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

கட்டைச் சத்தம் நின்றது. அவள் சுற்றிக்கொண்டு வந்து அந்தச் சின்னக் கதவைத் திறந்தாள்.

"வெளிய வாங்க."

வந்தார்.

"அன்னிக்கு முதல் ரெண்டு சரணம் எப்படி இருந்துச்சு?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"அந்த மாதிரி நான் கேட்டதே இல்ல" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். "மூணாவதையும் அப்படியே வாசிச்சிருந்தா அன்னிக்கே உன்ன வண்டியில ஏத்திட்டுப் போயிருப்பாங்க. அதனாலதான் நிறுத்தினேன்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன், இத்தன வருஷமா."

"தெரியும்."

"தெரிஞ்சும்..."

"தெரிஞ்சும்."

8

முடிவு ஒன்று: அவள் மன்னித்துவிட்டாள். கட்டிக்கொண்டு அழுதார்கள். போதகர் ஜெபித்தார். (அக்கா இந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போடுவாள்.)

முடிவு இரண்டு: அவள் தனியாக நகரத்துக்கு வண்டி ஏறினாள். (அத்தான் இரண்டு நாள் சாப்பிடமாட்டார்.)

முடிவு மூன்று: இருபது குமிழையும் இழுத்து, இருக்கிற பாட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசிக்கிறாள், பின்னால் தச்சர் துருத்தியடித்தே துவண்டு விழுகிறார். (எழுதும்போது வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அது மன்னிப்பு இல்லை, உடற்பயிற்சி.)

முடிவு நான்கு: 'அவள் மெல்ல நிமிர்ந்து—'

நிமிர்ந்துவிட்டாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"யாரும்மா நீ?"

"நான்... இத எழுதறவ."

"என் வீட்டுக்காரர மன்னிக்கறதும் மன்னிக்காததும் உன் கையிலயா இருக்கு?"

"இல்லைங்க, படிக்கிறவங்க கேப்பாங்களேன்னு..."

"அவங்களும் வந்திருக்காங்களா?" என் தோளுக்கு மேலாக எட்டி உங்களைப் பார்த்தாள். (அவள் பார்த்தபோது நீங்களும் கொஞ்சம் நெளிந்தீர்கள். மறுக்காதீர்கள்.) "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

தாள்களை அள்ளிக்கொண்டேன். கர்த்தர் சாட்சியாக, எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. நான் உருவாக்கிய ஒரு பெண் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறாள்! தச்சரும் தலையைக் குனிந்துகொண்டு நம்மோடு வாசலுக்கு நடந்தார்.

"நீங்க எங்க போறீங்க?" என்றாள் அவரிடம். "உள்ள போங்க. காத்து வேணும்."

வாசல் கதவைச் சாத்திவிட்டாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. காற்று வேண்டும் என்றுதான் சொன்னாள். இரண்டும் ஒன்றா என்று எனக்குத் தெரியவில்லை, படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் காதில் அக்கா ஒன்று சொல்கிறாள், அந்தக் காதில் அத்தான் ஒன்று சொல்கிறார், இரைச்சலில் ஒன்றுமே கேட்கவில்லை. கதவை ஒட்டி நிற்பது நீங்கள்தான். கொஞ்சம் காதை வைத்துக் கேட்டுச் சொல்லுங்களேன். வாசிக்கிறாளா?