ரவூப் ஹாஜியார் தரும் சம்பளம்

ரவூப் ஹாஜியாரின் துணிக்கடையில் நாலு வருடமாக நான்தான் கேஷியர். சம்பளம் முப்பத்தெட்டாயிரம். பல்லேபொலவிலிருந்து வந்துபோகும் பஸ் காசு போக மிஞ்சுவதைச் சொல்லவே வெட்கம். அந்த மனுஷனோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் நின்று, "மாத்தளையில யாரும் குடுக்காத சம்பளம் நான் குடுக்கிறேன்" என்று மற்ற முதலாளிமாரிடம் பீற்றிக்கொள்வார்.

ஏலக்காய், கறுவாப்பட்டை ஏற்றுமதி செய்யும் கம்பனி ஒன்றுக்கு பயோடேட்டா அனுப்பினேன். இப்போதைய சம்பளம் என்ற இடத்தில் ஐம்பத்தைந்தாயிரம் என்று போட்டேன். உள்ளதைப் போட்டால் நாற்பதுக்கு மேல் எவன் தருவான்?

நேர்முகத்தில் மெனேஜர் கலாராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரவூப் ஹாஜியார எனக்கு நல்லாத் தெரியுமே. ஒரு கோல் எடுத்துக் கேட்டுருவோமா?"

ஐயோ! கடையில் பல்வலி என்று சொல்லி லீவு எடுத்துவிட்டு வந்திருக்கிறேன்! நான் வாய் திறப்பதற்குள் போன் ஸ்பீக்கரில் ஓடியது.

"ஹாஜியார், உங்க கேஷியர் றிஸ்மியாவுக்கு ஐம்பத்தஞ்சா குடுக்கிறீங்க?"

கடையே அதிரும் குரல் வந்தது. "ஐம்பத்தஞ்சா? யாரு மிஸ் சொன்னது? அறுபது குடுக்கிறேன்!"

கலாராணி போனை வைத்தார். "எங்களால ஐம்பதுக்கு மேல ஏலாதும்மா. நீங்க அங்கேயே இருங்க."

கைக்கு வந்த வேலை போகிறதே! "மிஸ், அவர் சொன்னது பொய். முப்பத்தெட்டுதான் தாறார்" என்று உளறிவிட்டேன்.

"அப்ப நீங்க இதுல போட்டிருக்கிறது?"

"அது என்ட பொய், மிஸ்."

ஃபைலை மூடினார். "கணக்கு வேலைக்குப் பொய் சொல்றவங்கள எடுக்க மாட்டோம்."

அழுகையை அடக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஹாஜியார் என் பல்லைப் பற்றிக் கேட்கவேயில்லை. "அந்த மிஸ்ஸுக்கிட்ட என்ன சொன்ன?" என்றார் மெல்ல.

"உள்ளதச் சொல்லிட்டேன். முப்பத்தெட்டுன்னு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "யா அல்லாஹ்! அவங்க புருஷன் எங்கட வர்த்தக சங்கத்துல இருக்கிறாரே! வெள்ளிக்கிழமைக்குள்ள பள்ளி வரைக்கும் கதை போயிரும். மகள், இந்த மாசத்திலேருந்து அறுபதே தாறேன். இப்பவே கோல் எடுத்துச் சொல்லிரு."

நாலு வருடக் கோபம் வாய்க்கு வந்தது. "முதல்ல எழுதித் தாங்க."

எழுதினார். சீலும் குத்தினார்.

கடிதத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு கலாராணிக்கு போன் போட்டேன். "மிஸ், ஹாஜியார் எனக்கு அறுபதாயிரம் தாறார்."

"ஏம்மா, உங்க வாயில உண்மையே வராதா?" என்று வைத்துவிட்டார்.