காக்கைக்கு வைத்த சோறு

அமாவாசைப் பகல் பன்னிரண்டரை மணிக்கு ரேணுகாம்பாளின் சமையலறைக்குள் குரங்கு புகுந்தது. கெடு முடிய இன்னும் ஐந்தரை மணி நேரம் இருந்தது.

செங்கம் சாலையிலிருந்து மலைப்பக்கம் பிரியும் அந்தத் தெருவில் பத்தொன்பது வீடுகள். குரங்குகளைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி, அவற்றுள் பதினெட்டு வீட்டார் வனத்துறைக்கு எழுதிய மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள். ரேணுகாம்பாள் மட்டும் முப்பது நாள் தவணை கேட்டாள். குரங்குக்கு யாரும் தின்னக் கொடுக்கக் கூடாது. குப்பைத் தொட்டிக்கு மூடி போட வேண்டும். அதன் பிறகும் ஒரே ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மனு வனத்துறைக்குப் போகட்டும். மனுவைப் பீரோவில் வைத்திருந்த மணிவேல் இதற்கு இணங்கியது, அவள் முப்பது நாள் தாங்கமாட்டாள் என்று நம்பித்தான். அவர் மகள் அபிநயாவின் முழங்கையில் குரங்கு கடித்துத் தையல் போட்ட தழும்பு இருந்தது. அவருடைய கோபம் நியாயமற்றது என்று ரேணுகாம்பாள் ஒருபோதும் சொன்னதில்லை.

முப்பது நாளும் வீடு வீடாக நடந்தாள். கிரிவலம் வந்தவர்களிடம் கைகூப்பினாள். தெருமுனையில் தள்ளுவண்டியில் பழம் விற்கும் மதார் சாகிப், குரங்குக்குப் போடவென்று கேட்பவர்களுக்கு வாழைப்பழம் கொடுப்பதை நிறுத்தினார். குரங்குகளும் மெல்லச் சரிவுப் பக்கம் ஒதுங்கத் தொடங்கின.

இன்று, இறந்துபோன கணவருக்காக மாடிக் கைப்பிடிச்சுவரில் இலை போட்டுச் சோறும் வடையும் வைத்தாள். காக்கையை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்தாமல் இறங்கினாள். வந்தது, விரல் மடங்கிய கிழட்டுப் பெண்குரங்கு. சோற்றைத் தின்றுவிட்டு, வாசம் பிடித்துப் படியிறங்கி, மீதி வடைகளையும் அள்ளிக்கொண்டு போயிற்று. யாரும் பார்க்கவில்லை.

விதிகளை எழுதியவள் அவளே. காக்கைக்கு வைப்பதைப் பற்றி அவளுக்குத் தோன்றவே இல்லை.

படியில் சிந்திய பருக்கைகளைக் கூட்டினாள். கூட்டி முடித்தால் எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடும். பாதியில் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"இன்னாம்மா, இன்னியோட முடியுதா? நாளைலேர்ந்து பழம் குடுக்கலாமா?" என்றார் மதார் சாகிப்.

"என் வூட்லயே பூந்துடுச்சு பாய். காக்காவுக்கு வெச்ச சோறு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஊருக்கெல்லாம் நீ சொன்ன. உனுக்குச் சொல்ல ஆளில்லாமப் போச்சு. யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப எங்க போற?"

"மணிவேல் வூட்டுக்கு."

மணிவேல் இன்னும் பரிமாறாத இலைக்கு முன் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னாள்.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதேக்கா."

"உங்க மாடியிலயும் இப்ப சோறு இருக்குதுல்ல?"

"அபிநயாதான் காக்கா வந்துச்சான்னு பாக்கப் போயிருக்கா..." என்றவர் முடிக்கவில்லை. தடியை எடுத்துக்கொண்டு படியேறினார். ரேணுகாம்பாளும் பின்னாலேயே ஏறினாள்.

தண்ணீர்த் தொட்டிமேல் இரண்டு குரங்குகள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இலைக்கும் தொட்டிக்கும் நடுவே அபிநயா, முழங்கையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். மணிவேல் தடியைத் தரையில் தட்டினார். குரங்குகள் அவசரமின்றி அடுத்த மாடிக்குத் தாவின. காக்கை வந்து கொத்தும் வரை மூவரும் அங்கேயே நின்றார்கள். அதன் பிறகு அவர் இலையைச் சுருட்டினார்.

"காக்கா திங்கிற வரைக்கும் ஆள் நிக்கணும்னு நீங்க எழுதலியேக்கா."

"எழுதல."

"எழுதுங்க. நாளைலேர்ந்து முப்பது நாள். மனுவைக் கிழிக்கல்லாம் மாட்டேன், பீரோவுலயே இருக்கும்."

அடுத்த அமாவாசையும் அதற்குள் வரும் என்று அவள் கணக்கிட்டாள். நன்றி சொல்லவும் அலுப்பாக இருந்தது. மீதிப் பதினேழு வீடுகளிலும் இந்நேரம் மாடியில் சோறு இருக்கும்.

பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள்.

"மறுபடியுமாக்கா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.