மாப்பிள்ளை மாட்டிக்கொண்ட கிரில்

நானும் என் மச்சினனும் சேர்ந்து வெல்டிங் வேலை பார்க்கிறோம். அன்று சாயங்காலம் அவனுக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, வேறு ஆர்ப்பாட்டம் கிடையாது. கல்யாணத்தன்று எவனாவது வேலைக்கு வருவானா என்று கேட்காதீர்கள். சின்ன வேலைதான், சும்மா உட்கார்ந்தால் நேரம் போகமாட்டேன் என்கிறது என்று அவனே வந்து நின்றான்.

பெண் பஸ் ஓட்டுகிறவள். நேரம் தவறினால் அவளுக்குப் பிடிக்காது. இவனோ அவளைக் காக்க வைத்தே பழகியவன். போன மாதம் பதிவுக்கு வாங்கியிருந்த நாளில் இவன் லேட்டாகப் போய், அலுவலகம் பூட்டி, எல்லாரும் வாடிய பூவோடு திரும்பி வந்தோம். இன்னொரு தரம் லேட்டாக வந்தால் வராமலே இருந்துவிடு, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். பயணி கதவைத் தட்டினாலும் எடுத்த வண்டியை நிறுத்தாதவள்.

வேலை இதுதான். புதிதாகக் கட்டிய வீடு, இன்னும் யாரும் குடி வரவில்லை. படியேறி மொட்டை மாடிக்குப் போகும் வழியில் ஒரு கிரில் வைக்க வேண்டும். கதவு வேண்டாம், யாரும் மேலே போகவே கூடாது, அடைத்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டு வெளியூர் போய்விட்டார்.

படிக்கட்டுப் பக்கம் இருட்டு, புழுக்கம். மாடிப் பக்கம் வெளிச்சம், காற்று. மாடிப் பக்கம் நின்றே பற்ற வைத்தோம். ஜன்னல் கிரில்லை எல்லாம் உள்ளே நின்று பற்ற வைத்துவிட்டு வாசல் வழியாக வெளியே வருவதுதான் எங்கள் பழக்கம். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. அவள் கியர் போடுகிற அழகையும் சிரிக்கிற அழகையும் அவன் சொல்லிக்கொண்டே வந்தான், நான் கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசி வெல்டிங் ராடும் தீர்ந்தது, கடைசி மூலையும் முடிந்தது. பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"எப்படி நிக்குது பாத்தீங்களா மாமா," என்றான்.

பார்த்தேன். கிரில்லுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு இருந்தது. படியில் எங்கள் பை இருந்தது. கீழே வண்டி இருந்தது, வண்டிக்குள் இரும்பு அறுக்கிற கை பேண்ட்சா இருந்தது. இந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம்.

அவன் முகத்தில் அந்தச் செய்தி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காதீங்க மாமா என்று சொல்லவந்தவன் பாதியில் அவனே சிரித்தான். பிறகு மணி ஞாபகம் வந்து அழப் போனான். குதிக்கிற உயரமில்லை. ஒரு துண்டு ராட் மிஞ்சியிருந்தால் கம்பியை உருக்கியாவது வெளியே வந்திருப்போம், அதுவும் இல்லை. என் பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். தம்பியின் கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், சட்டையோடு வந்தாள். மேலே ஏறி எங்களைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓய்ந்து நிமிர்ந்து பார்ப்பாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

மச்சினன் அதற்குள் பெண்ணிடம் போனில் உண்மையைச் சொல்லிவிட்டான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"கல்யாணத்துக்கு அப்புறம்தான் மாட்டிக்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் அவள். "ஆபீஸ் பூட்டுறவரைக்கும் நிப்பேன். அதுக்கு மேல நிக்க மாட்டேன்."

பேண்ட்சாவை என் பெண்டாட்டி மேலே தூக்கி வந்தாள். இரண்டு சக்கரத்தில் வளையமாக ஓடுகிற பல் வைத்த பிளேடு, பின்னால் பேட்டரி, அவ்வளவுதான் மெஷின். அதன் வாய் கம்பியைக் கவ்வும். ஆனால் உடம்பு கம்பி இடுக்கில் நுழையாது. அதனால் அறுக்க வேண்டியவள் அவள்தான். நான் கம்பிக்குள்ளிருந்து பாடம் ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தூக்கத்துலகூட 'அமுக்காத, அமுக்காத'ன்னு புலம்புறீங்க. எத்தனை வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன்?"

முந்தானையை இழுத்துச் செருகினாள். ஜடையைக் கொண்டையாக முடிந்தாள். வளையலைக் கழற்றித் தம்பியிடம் நீட்டினாள், என் பாதுகாப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். கம்பியை மெஷினின் தடுப்போடு ஒட்ட வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, சுவிட்சை அழுத்தினாள்.

மெஷின் கத்தியது, குதித்தது. கம்பி பளபளவென்று ஆனது, அறுபடவில்லை. மச்சினன் நல்லா அமுக்குக்கா என்று கூத்தாடினான். அமுக்கினால் பிளேடு அறுந்து முகத்துக்கு வரும் என்று நான் கத்தினேன். அவள் இருவரையும் மதிக்காமல் சுவிட்சை விட்டாள். பிளேடு ஓடி நிற்கும்வரை காத்திருந்து, பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகுதான் பிளேடுக்குக் கிட்டே கண்ணைக் கொண்டுபோனாள்.

"பல்லு ஒரு பக்கம் பாக்குது, மெஷின்ல போட்ட அம்பு ஒரு பக்கம் பாக்குது. காலைல புது பிளேடு மாட்டினது யாரு?"

மச்சினன் வளையல்களை எண்ணுகிறவன்போல் குனிந்துகொண்டான்.

பையிலிருந்த கையுறையை மாட்டி, பிளேடை இறுக்கும் நெம்புகோலைத் திருப்பித் தளர்த்தி, பிளேடைக் கழற்றினாள். உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டி, சக்கரத்தில் உட்கார வைத்து, நெம்புகோலை இறுக்கினாள். கையுறையைக் கழற்றிவிட்டுப் பேட்டரியைப் போட்டாள். ஒரு நொடி வெறுமனே ஓடவிட்டாள், பிளேடு விலகாமல் ஓடியது. அவன் கிரில்லைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம்க்கா, சீக்கிரம்க்கா என்று குரங்குக்குட்டி மாதிரி ஆடினான். கம்பியை ஆட்டினால் நிறுத்திவிடுவேன் என்றாள். கையைக் கட்டிக்கொண்டான்.

இந்தத் தடவை மெஷின் முனகிக்கொண்டே தன் எடையில் தானே இறங்கியது. கீழே அறுத்தாள், மேலே அறுத்தாள். துண்டு அவள் காலில் விழாமல் நான் நடுவில் பிடித்துக்கொண்டேன். அதோடு பேட்டரியும் செத்தது. ஏற்கெனவே கம்பிக்குப் பாலிஷ் போட்டதில் பாதி போயிருந்தது.

ஒல்லிப்பயல் பக்கவாட்டில் வழுக்கி வெளியே போய்விட்டான். பின்னாலேயே நான் நுழைந்தேன். தலை போனது, தோள் போனது, வயிறு போகவில்லை. அவள் முன்னால் இழுக்க, சட்டைப் பொத்தான் தெறித்ததுதான் மிச்சம். மாற்றுப் பேட்டரி வீட்டில் சார்ஜில் கிடந்தது. அதை எடுத்து வந்து அறுத்துக்கொண்டிருந்தால் அலுவலகம் பூட்டிவிடும்.

"நீங்க இல்லாம எப்படி மாமா," என்றான் அவன், படியில் ஒரு காலும் சட்டையில் ஒரு கையுமாக.

"அவ நிக்கிறாடா. ஓடு."

இரண்டு பேரும் ஓடினார்கள். நான் மாடியில் வெல்டிங் மெஷின் மேல் உட்கார்ந்து போனில் கல்யாணம் கேட்டேன். முதலில் மூச்சிரைப்பு கேட்டது. பிறகு நாற்காலி இழுபட்டது, அதிகாரி பூட்டப் போகும் நேரத்தில் வருவதே வழக்கமாகிவிட்டதா என்று திட்டினார். அப்புறம் பேனா சத்தம், அப்புறம் கல்யாணப்பெண் சிரித்தாள். இவன் காலையிலிருந்து சொன்னதில் பொய் இல்லை. நான் மாடியில் தனியாகக் கைதட்டினேன். தண்ணீர்த் தொட்டி மேலிருந்த புறாக்கள் கலைந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தன.

வெயில் தாழ்ந்தபோது மூன்று பேரும் மாற்றுப் பேட்டரியோடு படியேறி வந்தார்கள். கல்யாணப்பெண் மாலையைக் கழற்றிப் புருஷன் கழுத்தில் இரண்டாவதாகப் போட்டுவிட்டு, அண்ணி, நான் அறுக்கட்டுமா என்று கேட்டாள். என் பெண்டாட்டி அவளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, கொண்டை போட்டுவிட்டு, அமுக்காத என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தையை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பஸ்ஸை வளைவில் திருப்புகிற நிதானம் புதுப்பெண்ணின் கையில் இருந்தது. அடுத்த கம்பியும் என் கைக்கு வந்தது.

வயிற்றை எக்கி வெளியே வந்தேன். வந்த குஷியில், இரண்டு பேரையும் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு, பிளேடில் தொங்கிய இரும்புத் தூளைத் தட்டிவிடலாம் என்று மெஷின்பக்கம் கையை நீட்டினேன்.

புதுப்பெண் மெஷினைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கைய எடுங்கண்ணே. பேட்டரி இன்னும் உள்ளதான் இருக்கு."

என் பெண்டாட்டி மறுபடியும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.