ஆண்டை வீட்டுக்கு ஒரு பத்திரிகை

என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்றே அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "தணிகாசலத்துக்குப் பத்திரிகை வை, வேணாங்கல. ஆனா 'ஆண்டே'ன்னு ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சு, நான் மணமேடை ஏறமாட்டேன்."

தணிகாசலம் வீட்டு நிலத்தில் என் தாத்தா படியாள். கூலியை நெல்லாகப் படியில் அளந்து போடுவார்கள், அதனால் படியாள். அப்பா வீரபத்திரன் அந்த நிலத்தில் கால் வைத்தே பல வருஷமாகிறது. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் எங்கள் ஊருக்கும் சொந்தமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நிலத்தில் பாதி பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. தணிகாசலம் இப்போது கட்சி, கான்ட்ராக்ட் என்று அலைகிறார். அப்பாவைவிடச் சின்னவர் வேறு. ஆனாலும் அவரைக் கண்டால் அப்பாவின் வாய் தானாக 'ஆண்டே' என்னும். அவரும் கூசாமல் 'வாடா வீரபத்திரா' என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அது சும்மா ஒரு பேச்சும்மா சிம்ரன். ஆட்டோவ ஆட்டோன்னு சொல்றதில்லியா?" என்றார் அப்பா.

"ஆண்டைன்னா ஆளுறவன். அவரு உன்னை ஆளுறாரா? அவரு ஆண்டைன்னா நீ யாருப்பா?"

அப்பா பத்திரிகைக் கட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

"சரி, சார்னு கூப்பிடட்டுமா?"

"அவரு இன்னா உனக்கு ஆபீசரா?"

அம்மா வடிவு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சின்னவர்தானே? தம்பின்னு கூப்பிடேன்."

"ஐயய்யோ! நாக்கு அழுகிடும்டி!"

விடுவேனா? ஒத்திகை ஆரம்பித்தது. அம்மாதான் தணிகாசலம். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, "இன்னாடா வீரபத்திரா, இந்தப் பக்கம்?" என்று ஒரு அதட்டல் போட்டாள் பாருங்கள், அப்பா சட்டென்று இடுப்பை வளைத்து "ஒண்ணுமில்லீங்க ஆண்டே" என்றார்.

அம்மா துண்டை உதறினாள். "அடப்பாவி மனுசா! கட்டிக்கினு வந்த நாளா என்னை ஒரு நாளாவது இப்படி மரியாதையா கூப்பிட்டுருக்கியா?"

நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் எனக்குள் பயம்தான். பட்டுக்கடையில் நாள் முழுக்க முகூர்த்தப் புடவை விரித்துக் காட்டுகிறவள் நான். பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் எவ்வளவு கம்பீரமாக வந்து உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்திலும் என் அப்பா அப்படி நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் தட்டில் வெற்றிலை பாக்கோடு தணிகாசலம் வீட்டுக்குப் போனோம். கேட்டுக்கு வெளியிலேயே நின்ற அப்பாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் சோபாவில் உட்கார வைத்தேன். நுனியில்தான் உட்கார்ந்தார். "வந்து... பொண்ணுக்குக் கல்யாணம்... மாப்பிள்ளை விக்ரம்னு, திருமுக்கூடல் பையன்... அவசியம் வரணும்..." என்று யாரையும் எதையும் சொல்லிக் கூப்பிடாமலே பேசி முடித்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

தணிகாசலம் தட்டை வாங்கிக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம் வீரபத்திரா. நாளைக்கே அரிசி, பருப்பு, காய்கறியெல்லாம் அனுப்பிடறேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. காலனியில் கல்யாணம் என்றால் ஊர்த்தெருவிலிருந்து அரிசி வரும், ஆள் வரமாட்டார்கள். எங்கள் கையால் சமைத்ததைச் சாப்பிடாமல் தப்பிக்க அது ஒரு மரியாதையான வழி.

அப்பா நகர்ந்து சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அரிசி ஊட்லயே இருக்குது, தம்பி. நீங்க வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி தேவகி பாதி வழியில் நின்றுவிட்டார். தணிகாசலம் அப்பாவையே பார்த்தார்.

"பாக்கலாம்" என்றார் கடைசியில்.

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது தம்பி? பத்து மணிக்குப் பந்தி."

கேட்டைத் தாண்டியதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடைக்காரர் தம்பி, டிராபிக் போலீஸ் தம்பி. ஆட்டோவில் ஏற வந்த எண்பது வயசுப் பெரியவரையும் "பாத்து ஏறு தம்பி" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "தம்பி, குடிக்கத் தண்ணி குடு" என்றார். அம்மா சொம்பை அவர் தலையில் கவிழ்க்காத குறைதான்.

மறுநாள் அரிசி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கோபத்தில் அனுப்பவில்லையா, வரப்போகிறாரா? யாருக்கும் தெரியவில்லை. "வந்தா சோறு போடுவோம், வராட்டி போறாரு" என்று அப்பா சொல்லிக்கொண்டே வாசலை எட்டி எட்டிப் பார்த்தார்.

கல்யாணத்தன்று தாலி ஏறியது. போட்டோக்காரர் எங்களை அப்படி நில், இப்படிச் சிரி என்று படுத்திக்கொண்டிருந்தபோது அம்மா மேடைக்கு ஓடி வந்தாள். "சிம்ரன், வந்துட்டாங்கடி! ரெண்டு பேரும் பந்தியில உக்காந்துட்டாங்க!"

மாலையும் கழுத்துமாக விக்ரமை இழுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடினேன். தணிகாசலமும் தேவகியும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பரிமாறுகிறவர் கையிலிருந்து சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு அவர்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இடுப்பு லேசாக வளைந்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

தணிகாசலத்தின் இலைக்கு முன்னால் அப்பா நின்றார். வாளியைப் பார்த்தார். பிறகு அதைப் பரிமாறுகிறவரிடமே திருப்பிக் கொடுத்தார். "இங்க ஒரு இலை போடுப்பா, நானும் சாப்பிடறேன்" என்றார்.

பெஞ்சில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. அப்பா தணிகாசலத்தின் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் நவுந்து உக்காருங்க தம்பி."

தணிகாசலம் நகர்ந்து உட்கார்ந்தார்.