ஒன்பதாம் நம்பர் கதவு

ஒன்பதாம் நம்பர் கதவுக்கு நான்தான் காவல். செவ்வாயும் வெள்ளியும் காலையில எட்டு மணிக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்னா, மதியம் ரெண்டு மணி வரைக்கும் அசைய மாட்டேன். உள்ளே, மார்ல கட்டி இருக்கா, புண் இருக்கான்னு பார்க்கிற பிரிவு. டாக்டர், நர்ஸு, ஸ்கேன் எடுக்கிற பொண்ணு, தரை துடைக்கிறவ வரைக்கும் எல்லாருமே பொம்பளைங்க. புருஷன், அப்பன், மகன் எவனா இருந்தாலும் வெளியே சிமென்ட் பெஞ்சுதான். ஒரு தடவை ஆஸ்பத்திரியோட பெரிய அதிகாரியே வந்து நின்னாரு. "ஐயா, ரெண்டு மணிக்கு மேல வாங்க"ன்னேன். மறுநாள் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாங்க. கதவுமேல இருக்கிற போர்டைக் காட்டினேன். அதோட விட்டுட்டாங்க.

எனக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க. ஜாஸ்திதான். அதுக்குக் காரணம் இருக்கு.

எனக்கு ஒரு அக்கா இருந்தா. ஆறு வயசு மூத்தவ. இதே ஆஸ்பத்திரிதான், ஆனா அப்போ இந்தப் பிரிவெல்லாம் கிடையாது. மார்ல கட்டி வந்து மூணு மாசம் என்கிட்டகூட மூச்சு விடலை. குளிக்கிற இடத்துல தற்செயலா பார்த்துட்டு நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன். சீட்டு எழுதுற ஆளு நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "லேடி டாக்டர் லீவு. அவசரம்னா சாரைப் பாருங்க, இல்லைன்னா அடுத்த மாசம் வாங்க"ன்னான். "ஒரு ஆம்பளை முன்னாடி ரவிக்கையைக் கழட்டி, இதைப் போயி..."ன்னு முணுமுணுத்துக்கிட்டே அக்கா என் கையைப் பிடிச்சு விறுவிறுன்னு வெளியே கூட்டிட்டு வந்துட்டா. பஸ் ஸ்டாப்புல ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. எனக்கு வளையல்கூட வாங்கிக் கொடுத்தா. அடுத்த மாசமும் அந்த டாக்டரம்மா வரலை. அதுக்கடுத்த மாசம் வந்தாங்க, பார்த்தாங்க, என்னைத் தனியா கூப்பிட்டு, ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்கன்னு கேட்டாங்க. அக்கா அந்த வருஷத்தைத் தாண்டலை. அந்தச் சீட்டு எழுதுற ஆளை நான் பல வருஷம் மனசுக்குள்ளேயே திட்டித் தீர்த்திருக்கேன்.

அதனாலதான் இந்தப் பிரிவு வந்ததும் கேட்டு வாங்கி இந்தக் கதவுக்கு வந்தேன். வேற எவளும் அக்கா மாதிரி வெட்கப்பட்டுத் திரும்பிப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கதவுமேல போர்டு எழுதினது எதிர் சந்துல கடை வெச்சிருக்கிற போர்டுக்காரரு. ஏணியில ஏறி நின்னு, 'பெண்கள் மட்டும். ஆண்களுக்கு அனுமதி இல்லை'ன்னு நீலத்துல எழுதிட்டு, "போதுமா தங்கச்சி?"ன்னு கேட்டாரு.

"அந்த 'இல்லை'யை மட்டும் சிவப்புல போடுங்க அண்ணே. கண்ணு தெரியாதவனுக்கும் உறைக்கணும்."

"கண்ணு தெரியாதவனுக்குச் சிவப்பு மட்டும் எப்படித் தெரியும்?"னு சிரிச்சாரு. ஆனாலும் சிவப்புலதான் எழுதிக் கொடுத்தாரு. அதுலேர்ந்து எப்ப பார்த்தாலும் அண்ணன் தங்கச்சிதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த மனுஷன் கதவுக்கு முன்னாடி வந்து நின்னு போர்டையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

"என்ன அண்ணே, பெயின்ட் வெளுத்துப் போச்சான்னு பார்க்கறீங்களா? அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இன்னும் பத்து வருஷம் தாங்கும். நகருங்க, உள்ளே பொம்பளைங்க இருக்காங்க."

"ஆமாம்மா, நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அடுத்து பதினஞ்சு நாள் போயிருக்கும். மறுபடி வந்தாரு. "தங்கச்சி, உள்ளே டாக்டர்கிட்ட ஒரு விஷயம்..."னு இழுத்தாரு.

"வீட்ல அண்ணிக்கா? அப்படின்னா அண்ணியை வரச்சொல்லுங்க. ஆம்பளைங்க மூலமா நாங்க விவரம் கேட்கிறதில்லை."

"சரி தங்கச்சி, சரி"ன்னாரு. முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. கிட்டத்தட்ட ஓடினாருன்னே சொல்லலாம். கடையில வேலை போல இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

மூணாவது தடவை வந்தப்ப சரியான கூட்டம். சட்டைப் பையில கையை வெச்சுக்கிட்டு நின்னாரு. அவரு வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் திறந்துட்டேன். "அண்ணே! மறுபடியுமா? நீங்க எழுதின போர்டை நீங்களே படிக்க மாட்டீங்களா?"

வரிசையில இருந்த பொம்பளைங்க எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அவரும் சேர்ந்து சிரிச்சுட்டு, தலையை ஆட்டிக்கிட்டே போயிட்டாரு. நான் என்னமோ பெரிய நகைச்சுவை பண்ணிட்ட மாதிரி அன்னிக்கு முழுக்க அதையே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, அவரு சம்சாரம் வந்தாங்க. கையில நாலா மடிச்ச சீட்டு. "வாங்க அண்ணி, இப்பவாவது வந்தீங்களே! அண்ணனை மூணு தடவை தூது அனுப்பிட்டு நீங்க வீட்ல ஒளிஞ்சுக்கிட்டா எப்படி?"ன்னு சீட்டை வாங்கிப் பிரிச்சேன். ஜெனரல் டாக்டர் ஒன்பதாம் நம்பருக்குத்தான் எழுதியிருந்தாரு. ஆனா பேரு இருக்க வேண்டிய இடத்துல அண்ணன் பேரு. பக்கத்துல 'ஆண்'னு அடிச்சிருந்தது. எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. "கவுன்டர்ல தூங்கறானுங்களா? புருஷன் பேரைப் போட்டு ஆம்பளைன்னு வேற அடிச்சிருக்கானுங்க பாருங்க"ன்னு பேனாவை எடுத்து, 'ஆண்'ணை அடிச்சுட்டு மேல 'பெண்'னு எழுதினேன்.

"அடிக்காதீங்கம்மா. அது சரிதான்"னாங்க அண்ணி.

"எது சரி?"

"சீட்டு அவருக்குத்தான். எனக்கில்லை."

நான் சிரிச்சேன். அதைச் சொல்லாம விடக் கூடாது, சொல்லிடறேன். "அவருக்கு எதுக்குங்க இந்தச் சீட்டு?"ன்னு சிரிச்சேன். அந்தம்மா சிரிக்கலை. குரலைத் தாழ்த்தி, "வலது பக்கம், காம்புக்கு அடியில, கல்லு மாதிரி இருக்கு. இப்போ ரத்தம் கசியுது. எங்க பொண்ணுக்குக்கூடத் தெரியாது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சட்டையில கறையைப் பார்த்து நான்தான் பிடிச்சு இங்கே அனுப்பினேன்"னாங்க.

சட்டைப் பையில கையை வெச்சுக்கிட்டு அவரு நின்னது கண்ணு முன்னாடி வந்துச்சு. அந்தப் பையில இருந்தது இந்தச் சீட்டுதான்.

அண்ணி காட்டின பக்கம் போனேன். சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட அண்ணன் சுவரைப் பார்த்தபடி நின்னுக்கிட்டிருந்தாரு. "வாங்கண்ணே"ன்னேன்.

"ஆம்பளை டாக்டருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லு தங்கச்சி. அவருகிட்ட காட்டறேன். இந்த வயசுல ஒரு பொம்பளை முன்னாடி சட்டையைக் கழட்டி, இதைப் போயி..."

இதே வார்த்தை. ஆம்பளைக்குப் பொம்பளைன்னு மாத்திக்கிட்டா, அப்படியே அக்கா சொன்ன வார்த்தை.

பெரிய டாக்டரம்மாகிட்ட ஓடினேன். ஆபரேஷன் பண்ற சார் ஒருத்தர் இருக்காரு, ஆனா மாசத்துக்கு ஒரு நாள்தான் வருவாரு, வந்தாலும் ஸ்கேனுக்கும் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கிறதுக்கும் இங்கேதான் அனுப்புவாருன்னாங்க. "ரத்தம் கசியுதுன்னா காத்திருக்கக் கூடாது. இன்னிக்கே உள்ளே கொண்டு வா"ன்னாங்க.

கொண்டு வான்னா எப்படி? உள்ளே நாப்பது பொம்பளைங்க. பாதிப் பேரு மேல ஒரு துணியைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. போய்ச் சொன்னேன். "ஒரு நோயாளி உள்ளே வரணும். ஆம்பளை."

ரெண்டு பஸ் மாறி வர்ற ஒரு அம்மா எழுந்தாங்க. "உங்க போர்டை நம்பித்தானே நாங்க வர்றோம்? என் பொண்ணை எத்தனை கெஞ்சிக் கூட்டி வந்திருக்கேன் தெரியுமா? ஒரு ஆம்பளையைப் பார்த்தா இப்பவே எழுந்து ஓடிடுவா."

அந்தப் பொண்ணைப் பார்த்தேன். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருந்தா. அந்தம்மா சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்லை. நான் இத்தனை நாள் பேசினதைத்தான் அவங்க திருப்பிப் பேசினாங்க.

கடைசியில, அழுக்குத் துணி வண்டி போற பின்வாசல் வழியா அவரைக் கூட்டிட்டு வந்தேன். "துணி மூட்டையோட மூட்டையா போறேன் பாரு"ன்னு சொன்னாரு. நான் சிரிப்பேன்னு நினைச்சிருப்பாரு போல. எனக்கு அழுகைதான் வந்துச்சு.

திரைக்கு வெளியே நான் நின்னேன். சட்டைப் பொத்தானைக் கழட்ட அவருக்கு அவ்வளவு நேரம் ஆச்சு. டாக்டரம்மா அவசரப்படுத்தலை.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஏழு மாசம் இருக்கும்மா."

"ஏன் முன்னாடியே வரலை?"

"வந்தேம்மா. மூணு தடவை வந்தேன்."

"அப்புறம்?"

சொல்லட்டும், சொல்லிடட்டும்னு நின்னேன்.

"கூட்டமா இருந்துச்சும்மா. போயிட்டேன்"னாரு.

புற்றுதான். அக்குள் வரைக்கும் போயிருந்தது. ஆபரேஷன் நடந்துச்சு, மருந்து ஏத்தினாங்க, முடி கொட்டிச்சு, கதிர்வீச்சுன்னு கரன்ட் வெச்சாங்க. ஒருநாள் பெரிய டாக்டரம்மாவைத் தனியா பிடிச்சு, நடந்ததையெல்லாம் கொட்டிட்டு, "முதல் தடவையே நான் உள்ளே விட்டிருந்தா அக்குளுக்குப் போயிருக்காதாம்மா?"ன்னு கேட்டேன். "தெரியலை. ஏழு மாசத்துல நீ திருப்பி அனுப்பின காலம் அஞ்சாறு வாரம். அதுக்குள்ள போயிருக்கலாம், முன்னாடியே போயிருக்கலாம்"னாங்க. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். இன்னும் அந்தக் கணக்கு எனக்குள்ளே ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

எட்டு மாசம் கழிச்சு, போர்டுல ஒரு வரி சேர்க்கணும்னு டாக்டரம்மா முடிவு பண்ணாங்க. அண்ணன்தான் எழுதணும்னு நான் அடம் பிடிச்சேன். வந்தாரு. ஆளு பாதியா இருந்தாரு. ஏணியைப் பார்த்துட்டு, "வலது கை தோளுக்கு மேல ஏற மாட்டேங்குது தங்கச்சி"ன்னாரு. நானே ஏறிப் போர்டைக் கழட்டி, ரெண்டு ஸ்டூல் போட்டு மேல படுக்க வெச்சேன். உட்கார்ந்து எழுதினாரு. 'இந்த நோய் ஆண்களுக்கும் வரும். சீட்டைக் காட்டவும். தனி வழி உண்டு.' அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தாங்க. இதை விட்டா நேரம் கிடைக்காதுன்னு நினைச்சேன்.

"அண்ணே, மூணு தடவையும் உங்களை விரட்டினது நான்தான். டாக்டர்கிட்ட ஏன் சொல்லலை? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னாகூட எனக்கு ஆறியிருக்கும்."

பிரஷை டப்பாவுல தட்டி வழிச்சாரு. "உண்மையைச் சொல்லவா? கோவிச்சுக்க மாட்டியே? நீ போன்னு சொன்னப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? வீட்டுக்குப் போய், 'நான் போனேன், அவங்கதான் விடலை'ன்னு சொல்லிட்டேன். பொய்யும் இல்லை பாரு. அன்னிக்கெல்லாம் நல்லாத் தூங்கினேன். மூணாவது தடவை, நீ எப்படியாவது விரட்டணுமேன்னு வேண்டிக்கிட்டேதான் வந்தேன். விரட்டினே. உன்மேல எனக்கு என்ன கோவம்?"

நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன்.

பளிச்சுன்னு ஆன அந்த முகத்தை நான் முன்னாடியே பார்த்திருக்கேன். பஸ் ஸ்டாப்புல பார்த்திருக்கேன். அக்கா அன்னிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினது, வளையல் வாங்கிக் கொடுத்தது எல்லாம் தப்பிச்சுட்டோம்கிற சந்தோஷம்தான். அவ கையைப் பிடிச்சுத் திரும்ப உள்ளே இழுத்துக்கிட்டுப் போக ஒரே ஒரு ஆள்தான் பக்கத்துல இருந்தா. அந்த ஆளு, நான், வளையலைக் கையில மாட்டி அழகு பார்த்துக்கிட்டு, கூடவே சிரிச்சுக்கிட்டு நின்னேன். இத்தனை வருஷமா திட்டறதுக்கு எனக்கு வசதியா ஒரு சீட்டு எழுதுறவன் கிடைச்சிருந்தான்.

அண்ணன் பிரஷைக் கழுவிட்டு எழுந்தாரு. காயட்டும், தொடாதேன்னு மட்டும் சொன்னாரு.

போர்டு மறுபடி மேல ஏறிடுச்சு. 'இல்லை' இன்னும் சிவப்பாத்தான் இருக்கு, அது இருக்கணும், அந்தப் போர்வைப் பொண்ணுக்கு அது வேணும். ஆனா நான் இப்பல்லாம் போர்டைப் பார்க்கிறதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறேன். போன வாரம் ஒருத்தரு கதவுகிட்ட வந்து எட்டிப் பார்த்தாரு. "ஆம்பளைங்க வெளியே"ன்னேன், பழக்க தோஷம். சரிம்மான்னு சட்டுனு திரும்பி வேகமா நடந்தாரு. முகம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஸ்டூலைத் தள்ளிவிட்டுட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசல்லதான் பிடிக்க முடிஞ்சது. மூச்சு வாங்க, அவரு சட்டையைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டு, "யாருக்கு? உங்களுக்கா?"ன்னு கேட்டேன்.

மனுஷன் வெலவெலத்துப் போயிட்டாரு. "எனக்கு ஒண்ணுமில்லைம்மா! என் சம்சாரம் உள்ளே இருக்கா. நான் டீ குடிக்கப் போறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா!"

"சரி, போங்க. போய்க் குடிங்க"ன்னு சட்டையை விட்டேன். கசங்கின இடத்தை நீவிக்கூட விட்டேன். பைத்தியம்னு நினைச்சிருப்பாரு, நினைச்சுக்கட்டும். திரும்பி வந்து ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தேன்.